சக்கரம் மடங்குற இடத்துல தீ: சின்ன விமானங்களின் லேண்டிங் கியரும், டிரிப் ஆகுற பிரேக்கரும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

 

இந்த வாரம் ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். எங்க வீட்ல கீசர் போட்டா கொஞ்ச நேரத்துல எம்.சி.பி. டிரிப் ஆகிடும். நான் என்ன பண்ணுவேன்? டி.பி. பாக்ஸைத் திறந்து, விழுந்த சுவிட்சைத் தூக்கி விடுவேன். குளிச்சிட்டு ஆபீஸ் கிளம்பிடுவேன். மறுநாளும் அதேதான். மூணாவது நாள் தூக்கி விடும்போது ஒரு வாசனை வந்துச்சு. பிளாஸ்டிக் சூடானா வருமே, அந்த வாசனை. அப்பதான் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். அவர் என்ன கண்டுபிடிச்சார்னு கடைசியில சொல்றேன்.

நான் வீட்ல மூணு நாள் செஞ்ச அதே வேலையை ஒருத்தர் ஆகாயத்துல செஞ்சா என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் என்னை இன்னைக்கு டாபிக்குக்குக் கூட்டிட்டு வந்துச்சு. சின்ன விமானங்கள்ல சக்கரத்தை மடக்கி நீட்டுற லேண்டிங் கியர் சிஸ்டம். அதுல மின்சாரத்தால தீ எப்படி ஆரம்பிக்குது, அதை எப்படித் தடுக்குறாங்க?

முன்கூட்டியே ஒண்ணு சொல்லிடறேன். நான் பைலட் இல்ல, விமான மெக்கானிக்கும் இல்ல. சாஃப்ட்வேர் எழுதுறவன். விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்கிறது எனக்கு ஒரு பழக்கம். எங்க வேலையில ஒரு சர்வர் விழுந்தா அதுக்கப்புறம் ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். அதை உலகத்துலயே ஒழுங்கா எழுதுறவங்க விமான விபத்து விசாரணைக்காரங்கதான்.

முதல்ல, இந்த சிஸ்டம் எப்படி வேலை செய்யுது?

நாலு பேர் உக்காருற சின்ன விமானங்கள்ல ரெண்டு வகை. ஒண்ணு, சக்கரம் எப்பவும் வெளியவே தொங்கிக்கிட்டு இருக்கும். செஸ்னா 172-ன் சாதாரண மாடல் அப்படித்தான். இன்னொண்ணு, மேல ஏறினதும் சக்கரம் மடங்கி உள்ள போயிடும். காத்து எதிர்ப்பு குறையும், அதே எரிபொருள்ல வேகமா போகலாம்.

மடக்குறதுக்கும் ரெண்டு வழி இருக்கு. பீச்கிராஃப்ட் பொனான்ஸா மாதிரி விமானங்கள்ல ஒரு மின் மோட்டார் கியர்பாக்ஸைச் சுத்தும். அதுல இணைஞ்ச தண்டுகள் சக்கரத்தை இழுத்துக்கும். முழுசா மடங்கினதும் ஒரு லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். பைப்பர் ஏரோ, செஸ்னா 172 ஆர்.ஜி. மாதிரி விமானங்கள்ல மோட்டார் நேரா சக்கரத்தைத் தூக்காது. அது ஒரு ஹைட்ராலிக் பம்ப்பை ஓட்டும், பம்ப் எண்ணெயைக் குழாய்ல அழுத்தும், அந்த அழுத்தம் சக்கரத்தைத் தூக்கும். தேவையான அழுத்தம் வந்ததும் ஒரு பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திடும். ரெண்டு வகையிலயும் மோட்டார் ஓடுறது சில விநாடிகள்தான்.

சரி, இதுல தீக்கு எங்க இடம்? மூணு விஷயம் ஒரே இடத்துல கூடுது. ஒண்ணு, பெரிய கரண்ட். எஞ்சினை ஸ்டார்ட் பண்ற மோட்டாருக்கு அடுத்தபடியா அதிக கரண்ட் இழுக்குற சாதனங்கள்ல கியர் மோட்டாரும் ஒண்ணு. 25, 30 ஆம்பியர் அளவுல இதுக்கு பிரேக்கர் போடுறது சகஜம். ரெண்டாவது, எரியக்கூடிய எண்ணெய். மூணாவது, இடமே சரியில்ல. சக்கரம் மடங்குற குழிக்குள்ள சேறு, தண்ணி, பிரேக் தூசி, அதிர்வு எல்லாம் வரும். அது போதாதுன்னு, ஒவ்வொரு தடவையும் அங்க இருக்குற பாகங்கள் மடங்கி நீளுது, கூடவே ஒயரும் மடங்கி நீளுது. உங்க சார்ஜர் கேபிள் எந்த இடத்துல முதல்ல கிழியும்? மடங்குற இடத்துலதானே.

"12 வோல்ட்தானே, என்ன ஆகிடும்?"

நிறைய பழைய சின்ன விமானங்கள்ல பேட்டரி 12 வோல்ட். நம்ம கார் பேட்டரி அளவுதான். தொட்டா ஷாக் அடிக்காது. அதனால அதுல தீ பிடிக்காதுன்னு நினைக்கத் தோணும். அது தப்பு.

சூடு வர்றது கரண்ட்டாலயும் ரெசிஸ்டன்ஸாலயும். ஸ்கூல்ல படிச்ச ஃபார்முலாதான்: கரண்ட்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால பெருக்கணும். இப்ப, மோட்டார்கிட்ட ஒயரை இறுக்கியிருக்கிற திருகு கொஞ்சம் லூஸ் ஆகி, பச்சையா பாசி மாதிரி துரு பிடிச்சிருக்குன்னு வெச்சுப்போம். அந்த ஒரு மூட்டுல 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சு. மீட்டர்ல பார்த்தா ரொம்பச் சின்ன எண். அது வழியா 30 ஆம்பியர் போனா? 30-ஐ 30-ஆல பெருக்கினா 900. அதுல பத்துல ஒரு பங்கு 90 வாட்.

எலக்ட்ரானிக்ஸ் லேப்ல சால்டரிங் அயர்ன் பிடிச்சிருப்பீங்க. அது 25 வாட்லயே ஈயத்தை உருக்கிடும். அதைவிட மூணு மடங்குக்கு மேல சூடு ஒரு விரல் நுனி அளவு இடத்துல கிளம்புது. வோல்டேஜ் குறைவா இருந்தா அதே வேலையைச் செய்ய கரண்ட் அதிகமா வேணும். கரண்ட் அதிகமானா இந்த மாதிரி மூட்டுகள் இன்னும் மோசமா சுடும். 12 வோல்ட் ஆளைக் கொல்லாது, ஆனா தீ வைக்கும்.

இப்ப முக்கியமான கேள்வி. இது நடக்கும்போது பிரேக்கர் டிரிப் ஆகுமா? ஆகாது. ஏன்னா கரண்ட் கூடவே இல்ல. லூஸ் மூட்டால கரண்ட் கொஞ்சம் குறையக்கூட செய்யும். பிரேக்கருக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம், "என் வழியா அளவுக்கு மீறி கரண்ட் போகுதா?" அவ்வளவுதான். ஒயர் உருகாம காப்பாத்துறதுதான் அதோட வேலை. மோட்டாரையோ உங்களையோ காப்பாத்துறது அதோட வேலை இல்ல. இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க, இன்னும் ரெண்டு தடவை இதே இடத்துக்கு வருவோம்.

நிக்காத மோட்டார்

ரெண்டாவது வழி. கியர் மோட்டார் சில விநாடி ஓடிட்டு ஓய்வெடுக்குற மாதிரி செஞ்சது. நம்ம மிக்ஸி மாதிரின்னு வெச்சுக்கங்க. மாவு ஆட்டுறேன்னு அரை மணி நேரம் விடாம ஓட்டினா என்ன ஆகும்னு வீட்ல அம்மாவைக் கேளுங்க.

அது எப்ப நிக்காம ஓடும்? பிரஷர் சுவிட்ச் பழுதாகி "போதும்"னு சொல்லாம விட்டுட்டா ஓடும். எங்கயோ எண்ணெய் கசிஞ்சு, தேவையான அழுத்தமே வராம போனா ஓடும். மோட்டாருக்குக் கரண்ட் விடுற ரிலேயோட ரெண்டு முனையும் தீப்பொறியால உருகி ஒட்டிக்கிட்டா, சுவிட்சை நிறுத்தினாலும் ஓடும். பொனான்ஸா வகையில லிமிட் சுவிட்ச் இடம் மாறிப்போனா, முட்டுக்கட்டையில போய் முட்டியும் மோட்டார் தள்ளிக்கிட்டே இருக்கும்.

கடைசிக் கேஸ்ல கரண்ட் எகிறும், பிரேக்கர் டிரிப் ஆகும். ஆனா பம்ப் சும்மா ஓடிக்கிட்டே இருக்கிற கேஸ்ல கரண்ட் சாதாரண அளவுதான். பிரேக்கருக்கு ஒண்ணும் தெரியாது, மோட்டார் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும். அதனாலதான் செஸ்னாவோட மடங்குற கியர் விமானங்களின் கையேட்டுல, பம்ப் நிக்காம ஓடினா கியர் பம்ப் பிரேக்கரை நீங்களே கையால வெளிய இழுத்துடுங்கன்னு சொல்லியிருக்கு. பைலட்டுக்கு இது தெரியுறது எப்படி? பம்ப் சத்தம் நிக்காது, அம்மீட்டர் முள் இறங்காது. அதனால கியர் லிவரைப் போட்டதும் பச்சை விளக்கை மட்டும் பார்த்தா போதாது. மோட்டார் நின்னுச்சான்னும் கவனிக்கணும்.

உரசல்: 2016, கலிபோர்னியா

மூணாவது வழிதான் ரொம்ப ஆபத்தானது. இதுக்கு ஒரு உண்மைச் சம்பவம் இருக்கு.

2016 ஜூலை 29, பின்னிரவு. அமெரிக்காவுல கலிபோர்னியாவின் வடக்கு ஓரத்துல கிரசென்ட் சிட்டின்னு ஒரு ஊர். அங்கிருந்து ஒரு நோயாளியை ஓக்லண்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் விமானம் ஒண்ணு கிளம்புது. பைப்பர் பி.ஏ.-31டி, ரெட்டை எஞ்சின். உள்ள பைலட், நர்ஸ், பாராமெடிக், நோயாளி, மொத்தம் நாலு பேர். கொஞ்ச நேரத்துல பைலட் கண்ட்ரோலருக்குச் சொல்றார்: காக்பிட்ல புகை, கிளம்பின ஊருக்கே திரும்புறேன். விமானம் திரும்பவே இல்ல. வானத்துலயே உடைஞ்சு ஆர்காட்டா பக்கம் காட்டுக்குள்ள விழுந்துச்சு. நாலு பேரும் இறந்துட்டாங்க.

அமெரிக்காவின் போக்குவரத்து பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. விசாரிச்சுது. தீ ஆரம்பிச்ச இடம் விமானத்தோட தரைக்கு அடியில, முக்கிய பிரேக்கர் பேனல் பக்கம். காரணம், ஒரு மின் ஒயர் ஒரு ஹைட்ராலிக் குழாய் மேலயோ, விமானத்தோட உலோகச் சட்டத்து மேலயோ உரசிக்கிட்டே இருந்திருக்கு.

அந்த ஒயர் சக்கரத்துக்குப் போற ஒயர் இல்ல. அங்க சிக்கல் அக்கம்பக்கம்தான். சக்கரத்தை ஏத்தி இறக்குற ஹைட்ராலிக் எண்ணெய் போற குழாயும், எப்பவும் கரண்ட் ஓடுற ஒயரும் இடுக்கான இடத்துல பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு.

உள்ள என்ன நடக்கும்னு மெதுவா பார்ப்போம். எஞ்சின் அதிர்வுல ஒயர் குழாய் மேல தேய்க்குது. ஒவ்வொரு பயணத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா மேலுறை தேயுது. இது மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நடக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது, எல்லா விளக்கும் எரியும். ஒரு நாள் உள்ள இருக்கிற செம்பு குழாயைத் தொடும். டப்புன்னு ஒரு ஆர்க், வெல்டிங் கடையில பார்ப்போமே அதே பொறி. அந்த இடத்துல சூடு பல ஆயிரம் டிகிரி. அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் போதும். குழாய்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா, அழுத்தத்துல இருக்கிற எண்ணெய் புகை மாதிரி பீய்ச்சும். தேங்கி நிக்கிற எண்ணெய்ல தீ பிடிக்கிறது கஷ்டம். அதே எண்ணெய் பனித்துளி மாதிரி காத்துல கலந்தா சட்டுன்னு பிடிச்சுக்கும்.

இப்ப பிரேக்கர் எங்க? சாதாரண பிரேக்கர் உள்ள ஒரு உலோகப் பட்டை சூடாகி வளைஞ்சாதான் டிரிப் ஆகும். அதுக்கு நேரம் வேணும். ஆர்க் தொடர்ந்து வராது. ஒரு பொறி, அப்புறம் இடைவெளி, இன்னொரு பொறி. பட்டை சூடாகுறதுக்குள்ள கரண்ட் நின்னுடும். பிரேக்கருக்குத் தெரியாமலே தீ ஆரம்பிச்சிடலாம்.

விபத்துக்கு அப்புறம் இதே ரக விமானங்கள் சிலதைத் திறந்து பார்த்தாங்க. அதுலயும் ஒயரும் குழாயும் உரசிக்கிட்டு இருந்துச்சு. அவையெல்லாம் பறந்துக்கிட்டு இருந்த விமானங்கள். 2017 ஜனவரியில அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. அவசர உத்தரவு போட்டுச்சு: இந்த ரக விமானங்கள்ல அந்தப் பகுதியைத் திறந்து பாருங்க, உரசல் இருந்தா சரி பண்ணுங்க.

சரி, எப்படித் தடுக்குறது?

இங்கதான் எனக்கு ஆச்சரியம். தடுக்குற வழி ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. பெரும்பாலும் கிளாம்ப், இடைவெளி, ஒரு டார்ச் லைட்.

எஃப்.ஏ.ஏ. 1998-ல வெளியிட்ட 43.13-1பி-ன்னு ஒரு வழிகாட்டி இருக்கு. சின்ன விமான மெக்கானிக்குகளுக்கு அது பைபிள் மாதிரி. அதுல எரியக்கூடிய திரவம் போற குழாய் பக்கத்துல ஒயர் எப்படிப் போகணும்னு தெளிவா சொல்லியிருக்கு. முடிஞ்சா 6 அங்குல இடைவெளி விடணும். முடியலேன்னா ஒயரையும் குழாயையும் ஒரே சட்டத்துல கிளாம்ப் போட்டு, ஒண்ணுக்கொண்ணு அசையாம பிடிக்கணும். 2 அங்குலத்துக்கும் குறைவுன்னா ரெண்டு கிளாம்ப்பை முதுகோட முதுகு வெச்சு, இடைவெளி மாறாம இறுக்கணும். அரை அங்குலத்துக்குக் கிட்ட எந்த ஒயரும் போகக் கூடாது. குழாயையே கொடிக்கம்பி மாதிரி நினைச்சு ஒயரை அதுல கட்டக் கூடவே கூடாது.

இன்னொண்ணு, ஒயர் குழாய்க்குச் சமமாவோ மேலயோ இருக்கணும், கீழ இருக்கக் கூடாது. எண்ணெய் சொட்டினா கீழதானே விழும்? கிளாம்ப்புகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்துக்கும் ஒரு கணக்கு. ஒயர் கிளாம்ப் பக்கத்துல அறுந்தாலும், தொங்குற முனை குழாயைத் தொடக் கூடாது. ஒயர் அறுந்தா என்னன்னு முன்னாடியே யோசிச்சு எழுதின விதி அது. எங்க பாஷையில சொன்னா, ஃபெயில் ஆனாலும் பக்கத்து சர்வீஸைக் கூட்டிட்டுப் போகாத டிசைன்.

சக்கரக் குழிக்குள்ள போற ஒயருக்குத் தனி கவனிப்பு. சக்கரம் முழுசா நீண்டிருக்கும்போது ஒயர் விறைப்பா இழுபடக் கூடாது. முழுசா மடங்கினப்போ தொளதொளன்னு தொங்கவும் கூடாது. இதைப் படம் பார்த்து முடிவு பண்ண முடியாது. விமானத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை மடக்கி நீட்டி, கூடவே குனிஞ்சு பார்க்கணும். இதுக்கு கியர் ஸ்விங்னு பேரு. அங்க இருக்கிற ஒயரும் அதோட உறையும் தேய ஆரம்பிச்ச முதல் அறிகுறியிலயே மாத்திடணும். "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" கிடையாது.

டார்ச் அடிச்சு என்ன தேடுவாங்க? ஒயர் மேல பளபளன்னு தேய்ஞ்ச கோடு, பழுப்பா மாறின உறை, டெர்மினல்ல பச்சைத் துரு, ரிலே பக்கத்துல கறுப்புப் பொடி. கண்ணுக்குத் தெரியாததுக்கு மீட்டர் இருக்கு. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு மூட்டுக்கும் குறுக்க எவ்வளவு வோல்ட் விழுதுன்னு அளந்தா, நாம பார்த்த 90 வாட் மூட்டு அங்கயே மாட்டிக்கும். 30 ஆம்பியர்ல 0.1 ஓம்னா 3 வோல்ட். 12 வோல்ட் சிஸ்டத்துல 3 வோல்ட் ஒரு திருகுல காணாம போகுதுன்னா அது சின்ன விஷயம் இல்ல.

பொருளையும் மாத்தலாம். பழைய விமானங்கள்ல பி.வி.சி. உறை போட்ட ஒயர். அது எரிஞ்சா நச்சுப் புகை வரும். இப்ப டெஃப்ஸெல் உறை போட்டது வருது, 150 டிகிரி வரை தாங்கும். எண்ணெய்லயும் வித்தியாசம் இருக்கு. ரொம்ப காலமா புழங்குற 5606 எண்ணெய்க்கு, தீ பிடிக்கத் தயாராகுற வெப்பநிலை குறைஞ்சபட்சம் 82 டிகிரி இருக்கணும்னுதான் தர விதி. 83282-ன்னு இன்னொண்ணு இருக்கு, அதுக்கு அந்த விதி 205 டிகிரி. ரெண்டும் ஒரே சிவப்பு நிறம், குணத்துல அவ்வளவு தூரம். எதை ஊத்தலாம்னு அந்த விமானத்தோட கையேடுதான் சொல்லணும். ஆனா ஒரு எண்ணெயை மாத்துறதுல 120 டிகிரி கூடுதல் அவகாசம் கிடைக்குதுங்கிறது சும்மா இல்ல.

பிரேக்கர் பேசும்போது: 2007, ஃபுளோரிடா

இதுவரைக்கும் பார்த்த மூணு வழியிலயும் பிரேக்கர் பெரும்பாலும் பேசவே பேசாது. அப்படின்னா அது ஒரு நாள் பேசினா, அந்தப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கணும்?

2007 ஜூலை 10. ஃபுளோரிடாவுல டேட்டோனா பீச்ல இருந்து ஒரு செஸ்னா 310ஆர் கிளம்புது. நாஸ்கார் கார் பந்தய நிறுவனத்தோட விமானம். உள்ள ரெண்டு பேர். வழியில புகைன்னு சொல்லி சான்ஃபர்டு விமான நிலையத்துக்குத் திருப்புறாங்க. அங்க போய்ச் சேரல. குடியிருப்புப் பகுதியில வீடுகள் மேல விழுந்துச்சு. விமானத்துல இருந்த ரெண்டு பேரோட, வீடுகள்ல இருந்த மூணு பேரும் இறந்துட்டாங்க.

இந்தக் கேஸ்ல பிரச்சினை லேண்டிங் கியர் இல்ல, வானிலை ரேடார். ஆனா பாடம் ஒண்ணுதான். முந்தின நாள் அதே விமானத்தை ஓட்டின இன்னொரு பைலட்டுக்கு ரேடார் பழுதாகி, ஒயர் கருகுற வாசனை வந்திருக்கு. அவர் சரியான வேலை செஞ்சார். ரேடார் பிரேக்கரை வெளிய இழுத்தார், வாசனை நின்னுச்சு. இறங்கினதும் பழுதுக் குறிப்பும் எழுதி வெச்சார். அந்தக் குறிப்பைப் பார்த்துட்டு யாரும் விமானத்தை நிறுத்தல. பழுது பார்க்காமலே மறுநாள் கிளம்ப விட்டாங்க. பிரேக்கர் திரும்ப உள்ள தள்ளப்பட்டிருக்கணும்னு விசாரணை சொல்லுது. பழுதைச் சரி பண்ணாம பறக்க அனுமதிச்ச முடிவைத்தான் விபத்துக்குக் காரணமா என்.டி.எஸ்.பி. எழுதுச்சு.

யோசிச்சுப் பாருங்க. எச்சரிக்கை வந்துச்சு, ஒருத்தர் கேட்டார், எழுதியும் வெச்சார். அதுக்கு மேல கடைசி ஒரு அடி எடுத்து வைக்க ஆள் இல்ல.

அதுக்கப்புறம் எஃப்.ஏ.ஏ. சொன்ன அறிவுரை இதுதான். பறக்கும்போது ஒரு பிரேக்கர் டிரிப் ஆனா, அது பத்திரமா இறங்க அவசியமான சாதனமா இல்லேன்னா தொடாதீங்க. அவசியம்னா குறைஞ்சது ஒரு நிமிஷம் பொறுங்க. புகையோ கருகல் வாசனையோ இல்லேன்னு உறுதி பண்ணுங்க. அப்புறம் ஒரே ஒரு தடவை உள்ள தள்ளுங்க. மறுபடி விழுந்தா விட்டுடுங்க.

சக்கரம் இல்லாம இறங்குறதா?

இப்ப கியருக்கு வருவோம். கியர் மோட்டார் பிரேக்கர் டிரிப் ஆகிடுச்சு, கீழ ரன்வே தெரியுது. பைலட் மனசுல என்ன ஓடும்? "சக்கரம் இல்லாம எப்படி இறங்குறது? ஒரு தடவை அமுக்கிப் பார்ப்போம். இன்னொரு தடவை." என்னோட மூணு நாள் கீசர் கதைதான். கைக்குக் கீழ பட்டன் இருந்தா மனுஷன் அமுக்குவான்.

ஆனா இந்த விமானங்களைச் செஞ்சவங்க அதுக்கு வழி வெச்சிருக்காங்க. பைப்பர் ஏரோவுல சக்கரத்தை மேல பிடிச்சு வெச்சிருக்கிறதே ஹைட்ராலிக் அழுத்தம்தான். அழுத்தத்தை விடுவிச்சா சக்கரம் தானா கீழ விழும். செஸ்னாவோட மடங்குற கியர் மாடல்கள்ல கைப்பம்ப் இருக்கு. பொனான்ஸாவுல ஒரு கைப்பிடி, சுமார் 50 சுத்து சுத்தணும். சுத்துறதுக்கு முன்னாடி கியர் மோட்டார் பிரேக்கரை வெளிய இழுத்திருக்கணும். நடுவுல மோட்டார் உயிர் வந்தா கைப்பிடி சுழன்று கை உடையும். மின்சாரமே வேண்டாம், சக்கரம் வரும். அப்படின்னா கியர் மோட்டார் பிரேக்கரைத் திரும்பத் திரும்ப அமுக்குறதுக்கு நியாயமே இல்ல.

புகையே வந்துடுச்சுன்னா? மாஸ்டர் சுவிட்சை ஆஃப் பண்ணி, தீயணைப்பானைக் கையில எடுத்து, முதல்ல கிடைக்கிற இடத்துல இறங்கணும். மாஸ்டரை அணைச்சா கியரோட பச்சை விளக்கும் அணைஞ்சிடும். சக்கரம் பூட்டிக்கிச்சான்னு விளக்கு சொல்லாது. அந்தச் சமயத்துல விளக்கு வேணும்னு மாஸ்டரைத் திரும்பப் போடத் தோணும். அது தீக்கு விறகு போடுற மாதிரி.

ஒருவேளை சக்கரம் வரவே இல்லேன்னா? வயிறு தேய இறங்கினா புரொப்பெல்லர் வளையும், அடிப்பக்கம் கிழியும், பெரிய செலவு வரும். ஆனா அப்படி இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க கதவைத் திறந்து நடந்து வெளிய வர்றாங்க. வானத்துல தீயோட இருக்கிறவங்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. காசு போகுற பயத்துல உயிர் போகுற வழியைத் தேர்ந்தெடுத்துடக் கூடாது. பதற்றத்துல மூளை அந்தக் கணக்கைப் போடாது. அதனாலதான் இதைத் தரையில இருக்கும்போதே முடிவு பண்ணி, பயிற்சியில செஞ்சு பார்த்து வெச்சுக்கச் சொல்றாங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி

எங்க வேலையில ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு சர்வீஸ் விழுந்தா, ஏன் விழுந்துச்சுன்னு பார்க்காம ரீஸ்டார்ட் பண்றது. அடிக்கடி விழுந்தா, தானா ரீஸ்டார்ட் ஆக ஒரு ஸ்கிரிப்ட் எழுதுறது. நானும் எழுதியிருக்கேன். அப்ப அது புத்திசாலித்தனமா தெரிஞ்சுது. இந்த ரெண்டு அறிக்கையையும் படிச்சதுக்கு அப்புறம் அந்த ஸ்கிரிப்ட்டைத் தேடிப் போய்ப் பார்த்தேன். எத்தனை தடவை ரீஸ்டார்ட் ஆச்சுன்னு எங்கயும் பதிவு பண்ணவே இல்ல. இப்ப ஒரு தடவைக்கு மேல ரீஸ்டார்ட் ஆகாது, அதுக்கப்புறம் எனக்கு போன் வரும்.

எலக்ட்ரீஷியன் கதை பாக்கி இருக்கு. அண்ணன் வந்ததும் முதல்ல கேட்டது, "தம்பி, எத்தனை தடவை தூக்கி விட்டீங்க?" மூணு நாளாண்ணேன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லல. மெயினை ஆஃப் பண்ணிட்டு எம்.சி.பி.யைக் கழட்டிக் காட்டினார். கீசர்ல ஒண்ணும் இல்ல. எம்.சி.பி.யோட திருகுதான் லூஸ். ஒயர் நுனி கறுத்து, உறை ரெண்டு சென்டிமீட்டருக்கு உருகிப்போயிருந்துச்சு. அந்தச் சூடு பக்கத்துல இருந்த பட்டையில ஏறித்தான் ஒவ்வொரு தடவையும் டிரிப் ஆகியிருக்கு. லூஸ் மூட்டு வேற எங்கயாவது, கீசர் பக்கத்துல இருந்திருந்தா, எம்.சி.பி.க்குத் தெரிஞ்சே இருக்காது. என் அதிர்ஷ்டம், அது எம்.சி.பி.யிலயே இருந்துச்சு.

ஒயர் நுனியை வெட்டி, புதுசா போட்டு, திருகை இறுக்கினார். பத்து நிமிஷ வேலை. கருகின அந்தத் துண்டு இப்ப என் மேஜை மேல மானிட்டருக்குக் கீழ இருக்கு.

உங்க வீட்லயும் அடிக்கடி விழுற எம்.சி.பி. இருந்தா, இன்னைக்கே ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம், மக்களே.